எல்லைக்கோடும் திருப்பி அழைத்தலும்

1

பிரதிநிதித்துவம் பற்றி நம்மிடையே நடக்கிற பேச்சு யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதோடு நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. எந்த ஜனங்களைச் சேர்த்து ஒரு தொகுதி என்பது, அந்தக் கோட்டைப் போடுவது யார்? பின்னாலும் ஒரு கேள்வி இருக்கிறது. ஜெயித்துப் போனவர் தொகுதிக்கு அந்நியராகிவிட்டால் அவரைத் திருப்பி அழைக்க முடியுமா? முதல் கேள்விக்காகத் தமிழ்நாடு நூறு வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறது. இரண்டாவது இங்கே மேடைப் பேச்சைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை. இரண்டும் உண்மையில் ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்பதைச் சரித்திரத்தின் வழியாகவே சொல்லிப் பார்க்கிறேன்.

உத்திரமேரூரிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். எல்லாக் கட்சிக்காரர்களும் அங்கேதான் தொடங்குகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், 919ம் 921ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புக்கு ஒரு குடவோலை. வாரியத்தில் பதவி ஒரு வருஷம். கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் குடத்தில் ஓலை இடத் தகுதியற்றவர்கள். வாரியத்தில் இருக்கும்போதே குற்றம் கண்டால் உடனே நீக்கிவிட வேண்டும். கோடும் இருக்கிறது, திருப்பி அழைப்பதும் இருக்கிறது. ஆனால் அது ஒரு பிரம்மதேயம். நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். உழுகிறவனின் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை. ஒழுங்காக நடந்த ஒரு சின்ன வட்டத்தின் ஏற்பாடு அது. சின்ன வட்டங்களுக்கு இந்த ஒழுக்கம் சுலபம் என்பது சிறு பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. வட்டத்தைப் பெரிதாக்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

2

வட்டத்தைப் பெரிதாக்கும் முதல் பெரிய சண்டை 1919ல் வந்தது. மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி சென்னை மாகாணச் சட்டசபைக்கு யார் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுவது என்பதில் நீதிக்கட்சி தனித் தொகுதிகள் கேட்டது. டி.எம். நாயர் அதற்காகவே லண்டன் போய், அந்த வருஷம் ஜூலையில் அங்கேயே இறந்துபோனார். 1920ல் மெஸ்டன் பிரபு ஒரு தீர்ப்புச் சொன்னார்: தனித் தொகுதி கிடையாது, பல உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் பொதுத் தொகுதிகளில் 28 இடங்கள் பிராமணரல்லாதாருக்கு ஒதுக்கப்படும். அந்த வருஷத் தேர்தலில் காங்கிரஸ் ஒதுங்கி நின்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட 98 இடங்களில் 63 நீதிக்கட்சிக்குப் போனது. 28க்காக இரண்டு வருஷம் மனுப்போட்டவர்களுக்கு ஒதுக்கீடே தேவைப்படாமல் போயிற்று. எண்ணிக்கையில் அதிகமாக இருப்பவனுக்குக் கோடு ஒரு தடையல்ல. வாசலைத் திறந்துவிட்டால் போதும்.

எண்ணிக்கையில் குறைந்தவனுக்கு, அதுவும் ஊருக்கு ஊர் சிதறிக் கிடப்பவனுக்கு, விஷயம் அப்படியல்ல. 1932ல் வகுப்புத் தீர்ப்பு தாழ்த்தப்பட்டோருக்குச் சென்னை மாகாணத்தில் 18 தனித் தொகுதி இடங்கள் தந்தது. பூனா ஒப்பந்தம் அதை 30 ஆக்கியது. கூடவே, கடைசி வாக்கு எல்லோருடையதும் என்று ஆக்கியது. முதல் சுற்றில் தாழ்த்தப்பட்டோர் மட்டும் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நால்வரில் யார் என்பதைப் பொதுவான வாக்காளர் முடிவு செய்வார்கள். அரசியல் சாசனம் வந்தபோது அந்த முதல் சுற்றும் போயிற்று. இடம் கூடியது, ஆளைத் தீர்மானிக்கும் கை மாறியது. கோட்டின் அரசியல் முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு இரட்டை உறுப்பினர் தொகுதிகள் என்று ஒரு ஏற்பாடு இருந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். 1952ல் ஒன்றுபட்ட சென்னை ராஜ்யத்தில் 309 தொகுதிகளுக்கு 375 உறுப்பினர்கள். அதில் 66 தொகுதிகள் இரட்டை. 1957ல் 167 தொகுதிகளுக்கு 205 பேர், 38 இரட்டை. இரட்டைத் தொகுதியில் ஒரு இடம் ஒதுக்கப்பட்டது, மற்றது பொது. பொது இடம் என்றால் யாருக்கும் பொதுதான் என்பதை 1957ல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் நிரூபித்தது. நாடாளுமன்றத்துக்கு நடந்த அந்தத் தேர்தலில் இரண்டு இடமும் பழங்குடி வேட்பாளர்களுக்குக் கிடைத்தன, தோற்றவர் வி.வி. கிரி. அவர் வழக்காடினார். 1959ல் உச்ச நீதிமன்றம், பழங்குடிக்காரர் பொது இடத்தில் ஜெயித்தது செல்லும் என்றது. 1961ல் இரட்டைத் தொகுதிகளே ஒழிக்கப்பட்டன. நிர்வாகத்துக்குச் சிரமம், தொகுதி பெரிது என்றெல்லாம் காரணங்கள் சொல்லப்பட்டன, அவை பொய்யல்ல. ஆனாலும் கணக்கு எதிர்பாராத பக்கம் விழுந்த இரண்டு வருஷத்துக்குள் கணக்குப் போடும் முறையே மாறியது என்பதைச் சரித்திரம் படிக்கிறவன் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

3

1961 ஜனத்தொகைக் கணக்கின்படி சென்னை ராஜ்யம் பத்து வருஷத்தில் ஏறக்குறைய 12 சதவீதம் வளர்ந்திருந்தது. இந்தியா 21 சதவீதத்துக்கு மேல். விளைவு, 1967 தேர்தலில் நாடாளுமன்ற இடங்கள் 41லிருந்து 39 ஆயின. அதே சமயம் சட்டசபை 206லிருந்து 234 ஆகப் பெருத்தது. டில்லியில் சுருங்கி, கோட்டையில் பெருத்தோம். இரண்டு எண்ணும் அன்றிலிருந்து மாறவில்லை.

இந்த இடத்தில் ஒரு பெயரை ஞாபகப்படுத்த வேண்டும். 1951 ஜனத்தொகைக் கணக்கின் கமிஷனராக இருந்தவர் ஆர்.ஏ. கோபாலஸ்வாமி, ஐ.சி.எஸ். தேசம் தாங்காத அளவுக்குப் பிள்ளைகள் பிறக்கின்றன என்று அறிக்கையில் எழுதியவர். பிறகு அவர் சென்னை அரசாங்கத்துக்கு வந்தார்; ஐம்பதுகளின் பிற்பாதியில் கருத்தடை செய்துகொள்கிறவர்களுக்கு ரொக்கம் தரும் திட்டம் இங்கே ஆரம்பமானதில் அவருக்கு முக்கிய பங்கு உண்டு. இந்தியாவின் தலைகளை எண்ணியவரே தமிழ்நாட்டின் தலைகளைக் குறைக்க வழி சொன்னார். குறைந்த தலைகளுக்கு ஏற்பக் குரலும் குறையும் என்ற வாய்பாட்டை அப்போது யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

யோசித்தது 1976ல். அதுவும் எப்போது? நெருக்கடி நிலையின்போது, 42வது திருத்தத்தில். இடங்களின் எண்ணிக்கை 1971 கணக்கின்படியே 2000த்துக்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நிற்கும் என்று அது சொன்னது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த ராஜ்யங்களைத் தண்டிக்கக்கூடாது என்பது நியாயம். இன்று தமிழ்நாட்டின் எல்லாக் கட்சிகளும் காப்பாற்றத் துடிக்கிற பாதுகாப்பு இதுதான். அந்த வருஷம் ஜனவரி 31ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. திருத்தம் நிறைவேறியபோது தமிழ்நாட்டில் சட்டசபையே கிடையாது. நமக்குக் கிடைத்த மிகப் பெரிய பாதுகாப்பு, நம் வாயை மூடிவிட்டுத் தரப்பட்டது.

அதே திருத்தம் இன்னொன்றும் செய்தது. நாடாளுமன்றத்துக்கும் சட்டசபைகளுக்கும் ஐந்து வருஷம் என்றிருந்த ஆயுளை ஆறாக்கியது. அதாவது, கோட்டை உறைய வைத்த அதே கை, உறுப்பினர் வாக்காளனிடம் திரும்பி வரவேண்டிய நாளையும் தள்ளி வைத்தது. ஜெயப்பிரகாஷ் நாராயணின் இயக்கம் உறுப்பினர்களைத் திருப்பி அழைக்கும் உரிமை கேட்டுத் தெருவில் இறங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குக் கிடைத்த பதில் ஒரு வருஷம் கூடுதல். 1978ல் 44வது திருத்தம் ஆயுளை மறுபடி ஐந்தாக்கியது. உறைந்த எண்ணிக்கையை அது தொடவில்லை. 2001ல் நிறைவேறிய 84வது திருத்தம் உறைவை 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என். கிருபாகரனும் பி. புகழேந்தியும், தென்காசித் தொகுதி ஒதுக்கீடு பற்றிய ஒரு வழக்கில், இழந்த இரண்டு இடங்களுக்கு நஷ்ட ஈடு தரலாகாதா என்று கேட்டார்கள். 14 தேர்தல், தேர்தலுக்கு 2 இடம், இடத்துக்கு 200 கோடி. ஆக 5,600 கோடி ரூபாய். கேள்வியின் கோபம் நியாயமானது. ஆனால் ஒரு உறுப்பினருக்கு ரூபாயில் விலை சொல்ல முடியும் என்று வந்துவிட்டால், அந்த விலையைக் கொடுத்துவிட்டு மேலும் இடங்களை எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஆகிவிடும். 2025 மார்ச் 22ல் சென்னையில் கூடிய கூட்டத்தில் கேரள, தெலுங்கானா, பஞ்சாப் முதல்வர்களும் கர்நாடகத் துணை முதல்வரும் உட்கார்ந்தபோது கேட்டது வேறு: உறைவு இன்னும் 25 வருஷம் நீடிக்க வேண்டும். இது கௌரவமான கோரிக்கை. தலைகளை எண்ணுவது மட்டுமே கூட்டாட்சி அல்ல என்பதுதான் இதன் அர்த்தம்.

4

இனி நம் வீட்டுக்குள் பார்க்கலாம். உறைந்தது ராஜ்யங்களுக்கு உரிய எண்ணிக்கை மட்டும். ராஜ்யத்துக்குள் கோட்டை மாற்றலாம்; நீதிபதி குல்தீப் சிங் கமிஷன் மாற்றியது. 2001 கணக்கின்படி போட்ட கோடுகள் 2008ல் அமலுக்கு வந்தன. நம் ஊரில் கோடு போடுவது ஆளும் கட்சி அல்ல, ஒரு கமிஷன். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் கூட உட்காரலாம், வாக்களிக்க முடியாது. ஆணை வெளியான பின் சட்டசபை ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. நீதிமன்றத்துக்கும் போக வழி மிகக் குறைவு. இது நல்லது. ஆனால் கோட்டின் மேல் யாருக்கும் பதில் சொல்லவேண்டிய கடமை இல்லை என்ற அளவில் முழுவதும் நல்லதல்ல. புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதி அப்படித்தான் மறைந்தது. ஒரு சமஸ்தானமாக இருந்த ஊர், மாவட்டத் தலைநகரம். அதன் சட்டசபைத் தொகுதிகள் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நான்கு பக்கமும் பங்கு போடப்பட்டன.

நான் இருக்கும் திருவான்மியூர் அந்த ஆணையால் வேளச்சேரி என்ற புதுத் தொகுதிக்குள் வந்தது. தெற்கே நடந்தால் கொட்டிவாக்கம், அது சோழிங்கநல்லூர். அதே கடல், அதே உப்புக் காற்று, கோடையில் அதே தண்ணீர் லாரி. 2021 தேர்தலில் சோழிங்கநல்லூரின் வாக்காளர்கள் 6 லட்சத்து 90 ஆயிரத்துக்கு மேல், மாநிலத்திலேயே அதிகம். அதே நகரத்தின் துறைமுகம் தொகுதியில் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் ஒவ்வொரு எம்.எல்.ஏ. கொட்டிவாக்கத்துக்காரனின் வாக்கு மண்ணடிக்காரனின் வாக்கில் கால் பங்கு. ஏரியையும் சதுப்பு நிலத்தையும் தூர்த்து நகரம் தெற்கே நகர்ந்துவிட்டது. 2001 கணக்கில் நின்ற கோடு நகரவில்லை. டில்லியிடம் நாம் வைக்கும் வாதம் ராஜ்யங்களின் சமத்துவம் பற்றியது. ராஜ்யத்துக்குள்ளே அந்த வாதம் செல்லாது. ஒரே மொழி பேசி ஒரே அரசாங்கத்துக்கு வரி கட்டுகிறவர்களுக்கு இடையே நாலுக்கு ஒன்று என்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது. இதைப் பற்றி எந்தக் கட்சியும் கூட்டம் போட்டு நான் கேட்டதில்லை.

5

திருப்பி அழைப்பதற்கு வருவோம். அரசியல் நிர்ணய சபையில் இந்த யோசனை வந்தது; வல்லபாய் பட்டேல் எதிர்த்தார், போயிற்று. 1974ல் சி.கே. சந்திரப்பன் மக்களவையில் தனி மசோதா கொண்டுவந்தார், வாஜ்பாய் ஆதரித்தார், தோற்றது. மத்தியப் பிரதேசத்தில் நகரசபைத் தலைவர்களைத் திருப்பி அழைக்கச் சட்டம் வந்தது. வாக்குச் சீட்டில் இரண்டு சின்னங்கள்: ஆள் உட்கார்ந்த நாற்காலி, காலி நாற்காலி. காலி நாற்காலி ஜெயித்தால் தலைவர் வீட்டுக்குப் போகலாம். அழகான சின்னம்தான். ஆனால் அந்த வாக்கெடுப்பைக் கேட்டுக் கையெழுத்துப் போடவேண்டியவர்கள் கவுன்சிலர்களில் முக்கால்வாசிப் பேர், ஜனங்கள் அல்ல. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை நீக்க 1994ம் வருஷச் சட்டத்தில் ஏற்பாடு உண்டு. நீக்குகிற அதிகாரம் கலெக்டருக்கு.

சட்டம் இல்லாமலே ஒரு முறை ஜனங்கள் திருப்பி அழைக்கப் பார்த்தார்கள். 2017 பிப்ரவரியில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கூவத்தூரில் ஒரு விடுதியில் வைக்கப்பட்டிருந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை எங்கள் ஊரில்தான் ஆரம்பிக்கிறது. அந்தப் பத்து நாளும் டெலிவிஷன் வண்டிகள் தெற்கே போய்க்கொண்டே இருந்தன. உறுப்பினர்களின் டெலிபோன் எண்கள் கைக்குக் கை பரவின. முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டு, நான் உன் வாக்காளன், நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்கள். பெரும்பாலான டெலிபோன்கள் அணைக்கப்பட்டன. 18ம் தேதி எடப்பாடி பழனிசாமிக்கு 122 வாக்கு, எதிராக 11. அந்தப் பதினொருவரில் மயிலாப்பூர் உறுப்பினர் ஆர். நடராஜ் ஒருவர்.

அதற்குப் பின் நடந்ததுதான் பாடம். கொறடாவின் உத்தரவை மீறி எதிர்த்து வாக்களித்த 11 பேரின் பதவி போகவில்லை; அவர்கள் திரும்பி வந்து சேர்ந்துகொண்டார்கள். ஆகஸ்டில் கவர்னரிடம் கடிதம் கொடுத்த 18 பேரின் பதவியைச் சபாநாயகர் பி. தனபால் செப்டம்பர் 18ல் பறித்தார். வழக்கு 2018 அக்டோபர் வரை நடந்தது, இடைத்தேர்தல் 2019ல். 18 தொகுதிகள் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆள் இல்லாமல் கிடந்தன. 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் உண்மை உருவம் இது. இதுவும் ஒருவகைத் திருப்பி அழைத்தல்தான். ஆனால் அழைப்பது தொகுதி அல்ல, கட்சி. இதன் நிழல் 1988 ஜனவரி 28லேயே விழுந்திருந்தது. ஜானகி ராமச்சந்திரனின் நம்பிக்கை வாக்கெடுப்பில் சபாநாயகர் பி.எச். பாண்டியன் யாருக்கு வாக்குண்டு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்தார். சபைக்குள் போலீஸ் புகுந்தது. இரண்டு நாளில் ஆட்சியே இல்லை.

6

உரிமையைச் சட்டமாக வைத்திருக்கிறவர்கள் என்ன கண்டார்கள்? அமெரிக்காவின் விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் 2011ல் ரிபப்ளிக்கன் கவர்னர் ஸ்காட் வாக்கர், அரசாங்க ஊழியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையை வெட்டினார். கோரம் இல்லாமல் செய்ய 14 டெமாக்ரடிக் செனட்டர்கள் பக்கத்து ராஜ்யமான இல்லினாயுக்கு ஓடினார்கள். கூவத்தூருக்கு நேர்மாறு: இங்கே வாக்களிக்க வைப்பதற்காக ஒளித்து வைத்தார்கள், அங்கே வாக்கெடுப்பு நடக்கக்கூடாது என்று ஒளிந்தார்கள். ஜனங்கள் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கோடையில் ஒன்பது செனட்டர்கள் திருப்பி அழைக்கும் தேர்தலைச் சந்தித்தார்கள். இரண்டு ரிபப்ளிக்கன்கள் பதவி இழந்தார்கள். 2012 ஜூனில் கவர்னர் தப்பினார். ஆனால் இன்னொரு செனட்டர் போனார், செனட் 17க்கு 16 என்று கை மாறியது. அப்போது சபை கூடும் காலமே முடிந்திருந்தது. இதற்கிடையில் ரிபப்ளிக்கன்கள் 2011லேயே புதுக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். 2012 நவம்பரில் செனட் திரும்பிப் போயிற்று. கீழ்ச்சபைக்கு டெமாக்ரட்டுகள் ராஜ்யம் முழுவதும் அதிக வாக்கு வாங்கினார்கள். 99ல் 60 இடம் ரிபப்ளிக்கன்களுக்கு.

ஒன்றரை வருஷம், லட்சக்கணக்கான கையெழுத்து, ஊர் ஊராகப் பிரசாரம். இவையெல்லாம் மூன்று பேரை நீக்கின. ஒரு வரைபடம் அதைத் துடைத்துவிட்டது. 2025ல் டெக்ஸாஸ் பத்து வருஷ இடைவெளிக்குக் காத்திராமல் கோட்டை மாற்ற, கலிபோர்னியா பதிலுக்குத் தன் கோட்டை மாற்றிக்கொள்ள ஜனங்களிடமே வாக்கு வாங்கியது. கட்சிகளின் கையில் பென்சிலைக் கொடுத்தால் இதுதான் முடிவு. நம் கமிஷன் எத்தனை குறையுள்ளதானாலும் இதைவிட மேல்.

7

இதிலிருந்து திருப்பி அழைக்கும் உரிமை வேண்டும் என்று நான் முடிப்பேன் என நண்பர்கள் எதிர்பார்க்கலாம். அப்படிச் சுலபமாகச் சொல்ல எனக்கு முடியவில்லை. தமிழ்நாட்டில் திருப்பி அழைத்தல் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1996ல் மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டன. பத்து வருஷம் அங்கே தேர்தலை நடக்கவிடவில்லை. நடந்தபோது ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மேலவளவில் ராஜினாமா செய்யாத தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30ல் பஸ்ஸிலிருந்து இறக்கி வெட்டிக் கொன்றார்கள். காலி நாற்காலி என்ற சின்னத்துக்கு நம் ஊரில் இந்த அர்த்தமும் உண்டு.

ஆகவே, யார் திருப்பி அழைப்பது என்பது, கோட்டுக்குள் யார் பெரும்பான்மை என்பதைப் பொறுத்தது. பூனா ஒப்பந்தம் கடைசி வாக்கை எல்லோருக்கும் கொடுத்தபோது, ஒதுக்கப்பட்ட இடத்தில் உட்காருகிறவரை எழுப்பும் சக்தியையும் மற்றவர்களுக்கே கொடுத்தது. அந்த ஏற்பாட்டின் மேல் திருப்பி அழைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தால், முதலில் எழுப்பப்படுகிறவர் ஊழல் செய்த மந்திரியாக இருக்க மாட்டார். ஒதுக்கப்பட்ட ஊராட்சியின் தலைவராக இருப்பார், பெரும்பாலும் பெண்ணாக இருப்பார்.

டில்லியிடம் தமிழ்நாடு சொல்வது, எண்ணிக்கையில் பெரியவன் எண்ணிக்கையின் பலத்தால் மட்டும் சின்னவனை அமுக்கக்கூடாது என்பது. நான் அதன் பக்கம். ஆனால் இது ஒரு கொள்கை என்றால் பாப்பாபட்டியிலும் கொள்கையாக இருக்க வேண்டும். சோழிங்கநல்லூரில் ஒருவனின் வாக்கு கால் வாக்காக இருப்பதையும், 18 தொகுதிகளைச் சபாநாயகர் ஒருவர் காலியாக்க முடிந்ததையும் பார்த்துக்கொண்டிருக்கிற சபை இதை டில்லியில் சொன்னால், அது பங்குச் சண்டையாகத்தான் கேட்கும். முதலில் ராஜ்யத்துக்குள் கோட்டைச் சமமாக்குவது, கட்சித் தாவல் வழக்கைச் சபாநாயகரிடமிருந்து எடுத்து வெளியே ஒரு நடுநிலை அமைப்பிடம் தருவது, ஒதுக்கப்பட்ட பதவிகளுக்குக் காவல் போடுவது. இவை நடந்த பிறகு காலி நாற்காலிச் சின்னத்தைப் பற்றிப் பேசலாம். அப்போதும், கையெழுத்து வாங்கும் உரிமை கவுன்சிலரிடமா, கலெக்டரிடமா, தெருவில் இருப்பவனிடமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கும்.